கடல் கடந்து கற்போர் காக்கவேண்டிய தகுதி

(உயர்கல்விக்காக வெளிநாடு செல்லவிருக்கும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் முழு வடிவம்)



இம்மண்டபத்தில் இன்று கூடியிருப்போரில் ஒரு சாரார் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்கள், கணக்காளர்கள். மற்றொரு சாரார் தோட்டஞ் செய்வோர், வயல் விதைப்போர். இவ்விரு சாராரையும் ஒரே கூரையின்கீழ் இருத்திய காரணம் ஒன்றுதான். அது பிள்ளைகளின் படிப்பு. உத்தியோகத்தர் தமது சேமலாப நிதியை நம்பியும், கமக்காரர் தமது காணியை ஈடுவைத்தும் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புகின்றனர். இவ்வளவும் செலவிட்டுப் பெற்ற ஒரு சிறு உரிமையை, அறியாமை காரணமாக ஒரு பருவத்திற்குள்ளே இழந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அந்த உரிமை யாது, அதனைக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் உங்களோடு ஆராய விரும்பும் விடயம்.

முற்காலத்தில் இக்கவலை எமது முன்னோருக்கு இருக்கவில்லை. சட்டம் பயிலவும் வைத்தியம் பயிலவும் இலண்டனுக்குக் கப்பலேறிய இலங்கை மாணவருக்குக் கடவுச்சீட்டும் கப்பற் கட்டணமும் போதுமாயிருந்தன. பொதுநலவாய நாட்டவர் பிரித்தானியாவுட் புகுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 1962ஆம் ஆண்டிலேதான் வந்தது. பின்னர் 1970களில் இங்கே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, உயர்ந்த புள்ளி பெற்றும் இடம் கிடையாத எமது பிள்ளைகள் பலர் பிறநாட்டுக் கல்லூரிகளின் வாயிலை நாடினர். அவ்வாயில்களிலோ அதற்குள் காவல் ஏற்பட்டிருந்தது. அக்காவல் காலப்போக்கில் இறுகி வந்திருக்கின்றது.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு சட்டம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாலைப்பொழுதில் விரித்துரைக்கப் புகுந்தால் எதுவும் மனத்தில் நில்லாது. ஆதலால் அமெரிக்காவை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். பிற நாடுகளுக்குச் செல்வோர், விதிகள் வேறாயினும் எச்சரிக்கையின் தன்மை ஒன்றே என்பதை உணர்ந்து, தத்தம் நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிந்துகொள்ளல் வேண்டும்.

விசாவும் தகுதியும்

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். விசாவும் மாணவத் தகுதியும் ஒன்றெனவே பலரும் எண்ணுகின்றனர். அவை இரண்டும் வேறு. ஒரு குத்தகைக் காணியை நினைத்துப் பாருங்கள். படலையைத் திறப்பதற்கு ஒரு திறப்பு வேண்டும். உள்ளே சென்றபின் அக்காணியில் இருந்து பயிரிடுவதற்குக் குத்தகை நிபந்தனைகளை நிறைவேற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். விசா படலைத் திறப்பு. தகுதி என்பது குத்தகை. திறப்பு கையிலிருக்க, நிபந்தனை மீறியமையாற் குத்தகை முறிந்துபோகவுங் கூடும். திறப்பின் காலம் முடிந்திருக்க, குத்தகை செவ்வனே நடந்துகொண்டிருக்கவுங் கூடும்.

ஆகவே, அமெரிக்காவில் இருக்கும்போது கடவுச்சீட்டில் ஒட்டிய எப்-1 விசாவின் திகதி கடந்துவிட்டதென்று எந்த மாணவரும் திடுக்கிட வேண்டியதில்லை. தகுதியைக் காத்திருப்பாராயின் அவர் அங்கே தொடர்ந்து படிக்கலாம். ஊருக்கு வந்து திரும்பும்போதுதான் புதிய விசா தேவைப்படும். அதேபோல, ஐந்தாண்டு விசா இருக்கின்றது, எமக்கென்ன குறை என்று இறுமாந்து வகுப்புக்குச் செல்லாதிருப்பவர், விசா கையிலிருக்கவே தகுதியை இழந்தவராவார்.

எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை நாட்டினுட் புகும்போது வழங்கப்படும் ஐ-94 என்னும் வருகைப் பதிவே தீர்மானிக்கும். நெடுங்காலமாக மாணவரின் ஐ-94இல் திகதி குறிப்பதில்லை; 'டி/எஸ்' என்ற எழுத்துக்களே இருக்கும். தகுதி நிலைக்கும் வரை தங்கலாம் என்பது அதன் பொருள். 2025 ஆகஸ்ட் மாதத்தில், இம்முறையை நீக்கி நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒரு திகதியைக் குறிக்கவேண்டும் என அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு பிரேரணையை வெளியிட்டது. ஆதலின் முன்னே சென்றவர் சொன்னதை நம்பியிராது, உங்கள் ஐ-94இல் எழுதியிருப்பது எழுத்தா, திகதியா என்று நீங்களே பார்த்தறிதல் வேண்டும். திகதியாயின் அத்திகதியே உங்கள் எல்லை.

இக்காவல் ஏற்பட்ட வரலாறு

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று நீங்கள் வினவலாம். 1993 பெப்ரவரியில் நியூயோர்க் நகரத்து உலக வர்த்தக நிலையத்திற் குண்டு வெடித்தது. அக்குற்றத்திற் பங்குகொண்டவர்களுள் ஒருவன் மாணவ விசாவில் வந்து, படிப்பைக் கைவிட்டவன். 1996இல் பிறநாட்டு மாணவரைப் பற்றிய விபரங்களைத் திரட்டும் முறையொன்றை ஏற்படுத்துமாறு சட்டம் பணித்தது. எனினும் கருமம் மெதுவாகவே நடந்தது. 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்ததை உலகம் அறியும். அதன்பின் ஆறு மாதங் கழித்து, 2002 மார்ச்சில், விமானங்களைக் கட்டடங்களில் மோதியவர்களுள் இருவருக்கு மாணவ அனுமதி வழங்கப்பட்டதென்ற அறிவித்தல் புளோரிடாவிலுள்ள விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இறந்தவருக்கு அனுமதி அனுப்பிய குடிவரவுத் திணைக்களத்தைக் கண்டு அந்நாடு முழுவதும் நாணிற்று. 2003இல் 'செவிஸ்' என்னும் மின்னணுப் பதிவேடு எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டாயமாயிற்று.

அன்றுமுதல், மாணவர் வந்து சேர்ந்தாரா, எத்தனை பாடம் எடுத்தார், எங்கே வசிக்கின்றார், எப்போது விலகினார் என்பவற்றையெல்லாம் பல்கலைக்கழகமே அரசாங்கத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கின்றது. இதற்கென ஒவ்வொரு கல்லூரியிலும் நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர் ஒருவர் உளர். டி.எஸ்.ஓ. என்று அவரைச் சுருக்கமாக அழைப்பர். மாணவ நண்பர்களே, பேராசிரியரின் பெயரை மறந்தாலும் இவ்வுத்தியோகத்தரின் பெயரையும் அவர் அறை இருக்குமிடத்தையும் மறவாதீர்கள்.

காக்கவேண்டிய கடமைகள்

ஐ-20 என்னும் பத்திரமே உங்கள் குத்தகை உறுதி. அதில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடநெறி, எந்நாளில் முடியும் என்பன குறிக்கப்பட்டிருக்கும். பாடநெறி தொடங்குவதற்கு 30 நாட்களுக்கு முன்னரே நாட்டினுட் புகலாம். அதற்கு முன்னர் புகுதல் ஆகாது. சென்றவுடன் கல்லூரியில் உங்கள் வரவைப் பதிவுசெய்தல் வேண்டும்.

அடுத்தது முழுநேரப் படிப்பு. இளமாணிப் பட்டத்துக்குப் படிப்பவர் ஒரு பருவத்தில் ஆகக்குறைந்தது 12 அலகு எடுத்தல் வேண்டும். முதுமாணிப் படிப்புக்கு எத்தனை என்பதைக் கல்லூரி வகுக்கும். பல இடங்களில் அது 9. வகுப்பறைக்குச் செல்லாது இணையவழியே கற்கும் பாடத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், அதாவது 3 அலகு மாத்திரமே இக்கணக்கிற் சேரும். பாடம் கடினமாயிருக்கின்றதென்று ஒன்றைக் கைவிட்டால் 12 என்பது 9 ஆகிவிடும். பதிவேட்டைப் பார்க்கும் அரசாங்கத்துக்கு உங்கள் கஷ்டம் தெரியாது. எண் மாத்திரமே தெரியும்.

எனினும் சட்டம் இரக்கமற்றதன்று. நோயுற்றவர் வைத்தியரின் கடிதத்தோடு, ஒரு பட்டப்படிப்பின் காலத்தில் மொத்தம் 12 மாதம் வரை பாடத்தைக் குறைத்துக்கொள்ளவோ நிறுத்திவைக்கவோ அனுமதி பெறலாம். ஆங்கிலத்தில் இடர்ப்படுவோரும் அந்நாட்டுக் கற்பித்தல் முறை பழகாதோரும் ஒருமுறை பாதியளவிற்குக் குறைத்துக்கொள்ளலாம். இறுதிப் பருவத்தில் எஞ்சிய பாடம் எத்தனையோ அத்தனை எடுத்தாற் போதும். ஆனால் இவையனைத்துக்கும் டி.எஸ்.ஓ.வின் அனுமதியை முன்கூட்டிப் பெறுதல் வேண்டும். பாடத்தைக் கைவிட்டபின் காரணஞ் சொல்லப்போவது, வெள்ளம் போனபின் அணைகட்டுவதாகும். பணமின்மை பாடத்தைக் குறைப்பதற்குரிய காரணமாகாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பணமின்மைக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கின்றது. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம்.

வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் புதிய விலாசத்தை அறிவித்தல் வேண்டும். கல்லூரி மாறுவதாயின் செவிஸ் பதிவு பழைய கல்லூரியிலிருந்து புதிய கல்லூரிக்கு மாற்றப்படல் வேண்டும். படிப்பு குறித்த நாளில் முடியாதெனக் கண்டால் அந்நாள் வருமுன்னரே நீடிப்புக் கேட்டல் வேண்டும். ஊருக்கு வரும்போது ஐ-20இல் டி.எஸ்.ஓ.வின் பிரயாணக் கையொப்பம் இருத்தல் வேண்டும். படிக்குங் காலத்தில் அது ஓராண்டுக்குச் செல்லும். வருமானமே இல்லாதவரும் ஆண்டுதோறும் வரித் திணைக்களத்துக்கு 8843 என்னும் படிவத்தை நிரப்பி அனுப்புதல் வேண்டும். சிறிய விடயங்கள் எனத் தோன்றும் இவற்றிலேதான் பெரும்பாலானோர் இடறுகின்றனர்.

படிப்பு முடிந்தபின் 60 நாள் தங்க அனுமதியுண்டு. அனுமதி பெற்று இடையில் விலகுபவருக்கு 15 நாள். அனுமதியின்றி விலகியவருக்கு ஒரு நாளும் இல்லை.

வேலையும் கூலியும்

இனி, யாவற்றிலும் ஆபத்தான விடயத்துக்கு வருகின்றோம். படிக்குங் காலத்தில் வளாகத்தினுள்ளே, அதாவது நூல்நிலையத்திலோ, உணவுச்சாலையிலோ, ஆய்வுகூடத்திலோ, வாரத்துக்கு 20 மணி வரை வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். வளாகத்துக்கு வெளியே, உரிய அனுமதியின்றி, ஒரு மணி நேரமும் செய்தல் ஆகாது. தெரிந்தவரின் கடைதானே, ஊரவரின் உணவுச்சாலைதானே, கையிற் காசாகத்தானே தருகின்றார் என்பன சட்டத்தின்முன் நில்லா.

இங்கே நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல விரும்புகின்றோம். பெயரும் ஊரும் வேண்டா. தந்தை வெங்காயமும் மிளகாயும் செய்பவர். சீதனக் காணியில் ஆறு பரப்பை ஈடுவைத்து மகனை 2021 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவ்வாண்டிலேதான் இங்கே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தப் போகத்தில் என்ன விளைந்தது என்பதை இங்கிருக்கும் கமக்காரர் அறிவர். அடுத்த ஆண்டு ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவுக்கு விற்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டிற்று. வங்கிகளில் டொலர் இல்லை. தந்தையால் பணம் அனுப்ப முடியவில்லை.

மகன் நல்ல பிள்ளை. தந்தையைத் தொல்லைப்படுத்தலாகாது என்று எண்ணி, ஒருவரிடமும் சொல்லாமல், எண்ணெய் நிலையமொன்றில் இராக்காவல் வேலைக்குச் சென்றான். கூலி கையிற் கிடைத்தது. கண்விழித்த களைப்பில் ஒரு பாடத்தைக் கைவிட்டான். 12 அலகு 9 ஆயிற்று. பருவம் முடியுமுன் செவிஸ் பதிவு முடிவுறுத்தப்பட்டது. தகுதியை மீளப்பெற விண்ணப்பிக்கலாம் என்றறிந்து நியாயவாதி ஒருவரை அணுகினான். அவர் கேட்ட முதற் கேள்வி, வெளியே வேலை செய்தாயா என்பதே. பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் அது மற்றொரு குற்றமாகியிருக்கும். அனுமதியின்றி வேலை செய்தவருக்குத் தகுதியை மீட்டளிக்க அவ்விதி இடந்தருவதில்லை. 2023இல் அவன் ஊர் திரும்பினான். காணி இன்னும் ஈட்டில் இருக்கின்றது.

இக்கதையில் எம் நெஞ்சைச் சுடுவது அவனது தவறன்று. அவன் தட்டாமல் விட்ட கதவொன்று அங்கே திறந்திருந்தது என்பதே. ஒரு கல்வியாண்டைத் தகுதியோடு நிறைவுசெய்த மாணவர், முன்கூட்டி அறியவியலாத கடும் பொருளாதார இடரில் அகப்படின், வளாகத்துக்கு வெளியே வேலைசெய்ய அனுமதி கேட்கலாம் என அந்நாட்டு விதி கூறுகின்றது. எவையெவை அத்தகைய இடர் என்பதற்கும் அவ்விதியே உதாரணங் காட்டுகின்றது. நாணயப் பெறுமதியிற் பெரும் ஏற்றவிறக்கம் அவற்றுளொன்று. மாணவரைத் தாங்குவோரின் பொருள்நிலையில் எதிர்பாராத மாற்றம் மற்றொன்று. ரூபாவின் வீழ்ச்சியும் தந்தையின் தோட்டத்து நட்டமும் இவ்விரண்டுமேயல்லவா? டி.எஸ்.ஓ.வின் சிபாரிசைப் பெற்று, வளாகத்து வேலை கிடைக்கவில்லை அல்லது போதவில்லை என்பதைக் காட்டி, குடியுரிமை குடிவரவுச் சேவைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை காத்திருந்து, அதன்பின் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி வேலை செய்திருக்கலாம். கேட்டவர் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்காதவனுக்கு ஒருபோதும் கிடையாது. அவ்வாறு கிடையாதவிடத்தும், அனுமதி பெற்று விலகி, ஊர் திரும்பி, நிலைமை சீரானபின் மறுபடி செல்லும் வழியாவது மாசின்றி எஞ்சியிருக்கும்.

அவன் ஏன் கேட்கவில்லை? எமது வீடுகளில் வறுமையை வெளியிற் சொல்வது மானக்குறைவு என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கின்றோம். உத்தியோகத்தர் என்றால் ஒதுங்கி நிற்கவும் பழக்கியிருக்கின்றோம். கச்சேரி வாசலில் காலம் காலமாக நின்று கற்ற பாடம் அது. பெற்றோர்களே, அப்பாடத்தைப் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். டி.எஸ்.ஓ. கல்லூரியின் உத்தியோகத்தர். உரிய நேரத்திற் சென்று கேட்பவருக்கு வழிகாட்டுவது அவரது கடமை. அதேவேளை, நடந்த மீறலை அறிவிப்பதும் அவரது கடமை. ஆகையால் மீறலுக்கு முன்னர் அவரிடம் செல்லுங்கள். மீறல் நடந்துவிட்டதாயின் முதலில் குடிவரவுச் சட்டம் அறிந்த நியாயவாதியிடம் செல்லுங்கள்.

படிப்போடு இணைந்த வேலைப் பயிற்சிக்கும், பட்டம் பெற்றபின் துறைசார் பயிற்சிக்கும் தனி அனுமதிகள் உண்டு. முன்னையதைச் சி.பி.ரி. என்பர், அது பாடத்திட்டத்தின் பகுதியாய் இருத்தல் வேண்டும். முழுநேரமாக 12 மாதம் அதனைச் செய்தவர் பின்னையதை அந்தப் பட்டநிலைக்கு இழந்துவிடுவார். பின்னையது ஓ.பி.ரி.; அது 12 மாதம். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் பயின்றோர் மேலும் 24 மாதம் கேட்கலாம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்னரிருந்து முடிந்தபின் 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் 12 மாதத்தில் வேலையின்றி இருந்த நாட்கள் எல்லாம் கூடி 90ஐத் தாண்டுமாயின் தகுதி போய்விடும். அந்நாட்களை ஒருவர் எண்ணித்தான் ஆகவேண்டும்.

தகுதி தவறினால்

தவறியவருக்கு மீட்சி உண்டா? உண்டு, ஆனால் வாயில் ஒடுக்கமானது. தகுதி இழந்து ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். அத்தவறு தன் சக்திக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்தது என்றோ, டி.எஸ்.ஓ. அனுமதித்திருக்கக்கூடிய பாடக்குறைப்பே என்றோ காட்டுதல் வேண்டும். மீண்டும் மீண்டும் மீறியவராயும், முன்னே சொன்னவாறு அனுமதியின்றி வேலை செய்தவராயும் இருத்தல் கூடாது. ஒன்றும் செய்யாது மறைந்து வாழ்வதோ படுகுழி. சட்டத்துக்கு மாறான தங்கல் என்று கணிக்கப்படும் நாட்கள் 180ஐத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டை எட்டியபின் வெளியேறினால் பத்து ஆண்டும் திரும்பப் புகத் தடையுண்டு. ஐ-94இல் திகதி குறிக்கப்பட்டவருக்கு அக்கணக்கு அத்திகதியின் மறுநாளே தொடங்கும்.

படிப்போடு தொடர்பில்லாத இரண்டு மூன்று இடறுகற்களையும் சொல்லிவிடுவோம். கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்திருக்கின்றன. கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. பிறநாட்டவரைத் தீர்ப்பது கூட்டாட்சிச் சட்டமே. மதுவருந்தி வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் விசா இரத்தாகலாம். வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது, வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பர். ஆம் என்று குறித்துவிட்டால் அந்நாட்டுப் பிரசை என்று பொய்யுரைத்ததாகக் கொள்ளப்படலாம். அது வாழ்நாள் முழுவதும் தொடருந் தடை.

போலிக் கல்லூரிகள்

தகுதியை மாணவர் இழப்பது ஒருபுறமிருக்க, தொடக்கத்திலேயே தகுதியில்லாத இடத்தில் விழுந்தவரும் உளர். 2011 சனவரியில் கலிபோர்ணியாவிலுள்ள திரை-வலி என்ற பல்கலைக்கழகம் அதிகாரிகளாற் சோதிக்கப்பட்டு மூடப்பட்டது. அங்கே பதிந்திருந்தோரிற் பெரும்பாலோர் இந்திய மாணவர். வகுப்புக்கே செல்லாமல் நாடெங்கும் வேலை செய்ய வழிவகுத்துப் பத்திரம் விற்ற கல்லூரி அது. மாணவர் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது கண்டு இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. அதனை நிறுவிய பெண்மணிக்கு 2014இல் பதினாறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறை விதிக்கப்பட்டது.

2019 சனவரியில் வெளிவந்த பாமிங்ரன் விவகாரம் இன்னும் விபரீதமானது. மிச்சிகன் மாநிலத்தில் இயங்கிய அப்பல்கலைக்கழகத்தை அமைத்ததே அமெரிக்க அரசாங்கத்தின் குடிவரவு அதிகாரிகள். ஆசிரியர் இல்லை; வகுப்பு இல்லை; மாணவரும் தரகரும் அகப்படுவதற்கு விரித்த வலை அது. ஏறக்குறைய 600 பேர் பதிந்திருந்தனர். அவர்களும் பெரும்பாலும் இந்தியர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அரசாங்கமே வலைவிரித்து, அரசாங்கமே அங்கீகரித்த பட்டியலில் அதன் பெயரையும் போட்டுவைத்து, பின்னர் மாணவரைப் பிடிப்பது நீதியா என்று அங்கேயே பலர் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் எமது பிள்ளைகள் கற்கவேண்டிய பாடம் வேறு. அங்கீகாரப் பட்டியலிற் பெயர் இருந்தால் மாத்திரம் போதாது. வகுப்பு நடக்கின்றதா, ஆசிரியர் யார், முன்பு படித்தவர் எங்கே என்று விசாரித்தல் வேண்டும். முதல்நாள் தொடக்கம் முழுநேரம் உழைக்கலாம், வகுப்புக்குப் போகவேண்டியதில்லை என்று தரகர் ஒருவர் உறுதியளித்தால், அவ்வுறுதியே அது போலி என்பதற்குச் சாட்சி.

உரிமையும் பத்திரமும்

கடமைகளையே கூறினோம்; உரிமையைப் பற்றியும் கூறாது விடுதல் தகாது. 2020 சூலையில், கொள்ளைநோய்க் காலத்தில், முற்றிலும் இணையவழியே கற்கும் பிறநாட்டு மாணவர் வெளியேறவேண்டும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஹாவாட் பல்கலைக்கழகமும் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் உடனே வழக்குத் தொடுத்தன. சில நாட்களுக்குள் அவ்வறிவிப்பு மீளப்பெறப்பட்டது. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவரின் செவிஸ் பதிவுகள் திடீரென முடிவுறுத்தப்பட்டன. வீதிப் போக்குவரத்து மீறல் போன்ற அற்ப விடயங்களும், தள்ளுபடியான வழக்குகளும் பலரது விடயத்திற் காரணமாகத் தோன்றின. மாணவர் பலர் நீதிமன்றஞ் சென்றனர். பல மாநிலங்களில் நீதிபதிகள் தடையுத்தரவு பிறப்பித்தனர். ஏப்ரல் 25இல் பதிவுகளை மீளச் சேர்ப்பதாக அரசு தெரிவித்தது.

ஆட்சி தவறுமிடத்து நீதிமன்றம் உண்டு என்பது இதனாற் பெறப்படுகின்றது. அம்மாணவர் நீதிமன்றத்தில் எதைச் சொல்லி நின்றனர் என்பதையும் நோக்குங்கள். நாம் நிபந்தனை மீறவில்லை, தகுதியைக் காத்தே வந்தோம் என்று சொல்லி நின்றனர். அதனைச் சொல்வதற்குப் பத்திரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஐ-20ஐயும், பழையது உட்பட, எறியாது வையுங்கள். ஐ-94, பருவப் பதிவு, புள்ளிப் பத்திரம், டி.எஸ்.ஓ.வோடு நடந்த கடிதப் போக்குவரத்து யாவற்றுக்கும் பிரதி ஒன்று பிள்ளையிடமும், ஒன்று ஊரிலும் இருக்கட்டும். காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துக் காக்கும் எமக்கு இது புதிய பழக்கமன்று.

பத்திரத்தின் அருமையைத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதுமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர், தாம் பிறந்து உழைத்த மண்ணிலேயே நாடற்றவராயினர். தந்தையின் பிறப்பை நிரூபிக்கும் ஒரு துண்டுக் காகிதம் அவர்களிற் பலருக்கு இருக்கவில்லை. அக்காகிதத்தைக் கேட்ட சட்டம் அநீதியானது. அந்த அநீதிக்குப் பலியானவர்களின் உடன்பிறப்பினராகிய நாம், கையிற் கிடைத்த பத்திரத்தை அசட்டையாற் கெடவிடுவது தகுமா?

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று. பிள்ளையோடு தொலைபேசியிற் பேசும்போது, சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்கின்றீர்கள். அவற்றோடு, இப்பருவத்தில் எத்தனை அலகு எடுத்திருக்கின்றாய், டி.எஸ்.ஓ.வைக் கண்டாயா என்றும் கேளுங்கள். இங்கே பணமுடை வந்தால் அதனை மறையாது, அடுத்த பருவக் கட்டணத்துக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தால் பிள்ளையும் மறைப்பான். நாம் சொன்ன கதையில் தந்தை வங்கியில் டொலர் இல்லாததை மூன்று மாதம் மறைத்தார். மகன் இரா வேலையை ஆறு மாதம் மறைத்தான். இருவரும் அன்பினாலேயே மறைத்தனர்.

தம்பிமாரே, தங்கைமாரே, ஐயம் வந்தால் வெட்கப்படாது கேளுங்கள். நீங்கள் கேட்பதற்கு அங்கே ஓர் அறை இருக்கின்றது. சென்று கற்று, நல்ல பெயரோடு திரும்புங்கள், அல்லது சட்டம் வழிவிடும் இடத்தில் நிலைபெறுங்கள். இங்கே ஈட்டில் இருக்கும் காணிகள் உங்கள் வரவை நோக்கியிருக்கின்றன.